நிழலில் இருந்த செல்லூர்

மதுரையில், வைகையின் வடகரையில் செல்லூர் கைத்தறி ஊராக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஊரின் வேலைநேரம் நினைவிருக்கும். விடிவதற்கு முன்பே தெருவில் பாவு நீட்டிவிடுவார்கள். கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். கஞ்சி காய இளவெயில் போதும்; உச்சி வெயிலில் நூல் முறுகிவிடும். அதன்பிறகு நாளெல்லாம் குழித்தறிதான். ஓட்டுக் கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெளிச்சத்தில் நாடா ஓடும். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் ராட்டையோடு அந்தத் திண்ணை நிழலில்தான் இருப்பார்கள்.

தோலைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை அது. நூலுக்கு நிழல் தேவைப்பட்டது, மனிதர்களும் நிழலில் இருந்தார்கள். கூரையின் கண்ணாடி ஓட்டுக்குக்கூட அதில் பங்குண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் தோலை அதிகம் எரிக்கும் 'பி' வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகை மட்டும் ஓரளவு உள்ளே வரும்.

அந்த வாழ்க்கைக்கான விலையை நுரையீரல் கொடுத்தது. பஞ்சுத் தூசி, குழியின் ஈரம், ஒரே அறையில் தறியும் அடுப்பும் ஏழெட்டுப் பேரும் என்று இருந்த வீடுகளில் இருமல் தீராத நோயாக இருந்தது. இருமல் முற்றினால் கோரிப்பாளையம் பக்கம் நடந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று கட்டப்பட்டு, பிறகு ராஜாஜி மருத்துவமனை ஆனாலும், மதுரைக்காரர்கள் வாயில் அது என்றும் பெரியாஸ்பத்திரிதான். டாக்டர் 'நெஞ்சுப் படம் எடுத்துட்டு வா' என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். நிழலிலேயே வாழ்ந்த நெசவாளி ஒரு பெரிய கதிரின் முன்னால் போய் நின்றது அந்த எக்ஸ்ரே அறையில்தான்.

அந்தக் காலத்து எக்ஸ்ரே அறைகளில் எல்லோரையும் விட அதிகக் கதிர் வாங்கியவர் நோயாளி கிடையாது, அந்த அறையில் வேலை பார்த்தவர். நோயாளி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். படம் எடுப்பவர் அங்கேயே இருப்பார். மருத்துவர்கள் அறையை இருட்டாக்கி, ஒளிரும் திரைக்குப் பின்னால் நோயாளியை நிறுத்தி, நெஞ்சு அசைவதை நேரடியாகப் பார்ப்பார்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். வயிற்றைப் பார்க்கும்போது கையால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். அந்தக் கை கதிர் ஓடும் பாதையில் இருக்கும்.

ரோன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த மாதமே தன் மனைவியின் கையை எலும்பு தெரியப் படம் எடுத்தார். 1897-98இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் திரா மலைப்பகுதியில் நடந்த போரில், காயம்பட்ட சிப்பாய்களின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட ஒரு ராணுவ மருத்துவர் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோயிருந்தார். அவ்வளவு வேகமாக அது இந்திய மண்ணுக்கு வந்துவிட்டது. ஆனால் கதிரை அளக்க அப்போது கருவி எதுவும் இல்லை. எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வேலைக்காரர் தன் கையையே முன்னால் நீட்டி எலும்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். காலை முதல் நோயாளிக்கும் முன்னால் அந்தக் கை, மாலை கடைசி நோயாளிக்கும் முன்னால் அதே கை. சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுப்பது என்பதற்கும் தோல்தான் அளவுகோல். தோல் சிவக்கும் அளவு என்பதையே ஓர் அலகாக வைத்துக்கொண்டு இருபது முப்பது வருடம் உலகம் முழுவதும் மருத்துவம் நடந்தது.

தோல் அந்தக் கணக்கைப் பத்திரமாக வைத்திருந்தது. முதலில் முடி உதிர்ந்தது, நகம் வெடித்தது, புறங்கை காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. பிறகு ஆறாத புண். 1902இல் ஹாம்பர்க்கில் ஃப்ரீபன் என்ற மருத்துவர், எக்ஸ்ரே குழாய் வேலை பார்த்த ஒருவரின் புறங்கைப் புண் புற்றுநோயாகிவிட்டதை எழுதிப் பதிவு செய்தார். கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கையைக் கொடுத்தார், 1904இல் உயிரையும் கொடுத்தார். டாலியின் நிலையைப் பார்த்து எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஹாம்பர்க்கில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் 1936இல் ஒரு நினைவுக் கல் நட்டு, கதிரால் இறந்த மருத்துவர்கள், வேலைக்காரர்கள், செவிலியர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். தொடக்கத்தில் 169 பெயர்கள். பிறகு பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

அவர்களாவது அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள். குழந்தைகளின் கதைதான் எனக்கு இன்னும் பொறுக்கமுடியாதது. தலையில் வரும் படர்தாமரைக்கு நல்ல மாத்திரை இல்லாத காலத்தில், எக்ஸ்ரே காட்டி முடியை மொத்தமாக உதிர்ப்பதுதான் நவீன வைத்தியம். இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை ஆயிரக்கணக்கான குடியேறிய குழந்தைகளின் தலையில் இப்படிக் கதிர் பாய்ச்சினார்கள். 1958 வாக்கில் கிரிசியோஃபல்வின் மாத்திரை வந்ததும் அந்த வைத்தியம் ஓய்ந்தது. குழந்தைகளோ வளர்ந்தார்கள். இருபது முப்பது ஆண்டு கழித்து, அதே உச்சந்தலையிலும் கழுத்திலும் தோல் புற்றுநோய் மற்றவர்களை விடப் பல மடங்கு வந்தது. 1994இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டமே போட்டது.

நியூயார்க்கிலும் இதே வைத்தியம் செய்துகொண்ட 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளைத் தோல் குழந்தைகளிடம், குறிப்பாக வெயில் படும் முகத்தின் ஓரத்திலும் கழுத்திலும், தோல் புற்று வரிசையாக வந்தது. அதே அளவு கதிர் வாங்கிய கறுப்பினக் குழந்தைகளிடம் மிக மிகக் குறைவு. எக்ஸ் கதிர் தொடங்கிவைத்ததை வெயில் முடித்துவைத்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊர் வாசகர் இதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்: நம் தோலின் நிறமி நமக்குப் பெரிய காவல், அந்தக் காவல் குறைந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன? எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலு உண்டு. அப்படிப் பாயும்போது செல்லின் மரபிழை (டி.என்.ஏ.) இரண்டு புரியும் சேர்ந்தே அறுந்துவிடலாம். செல் அதை முடிந்து ஒட்டும். அறுந்த பாவை அவசரத்தில் முடிந்தால் இழை மாறிப்போவது போல, சில முடிச்சுகள் தவறான இடத்தில் விழும். புற ஊதாக் கதிருக்கு அவ்வளவு வலு கிடையாது. அது மரபிழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இந்தப் பிணைப்புகளை வெட்டி எடுத்துச் சரிசெய்யும் வேலை நம் தோலில் தினமும் நடக்கிறது. எப்போதோ ஒன்று தப்பிவிடும். செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பி53 போன்ற மரபணுவில் அந்தப் பிழை விழுந்தால், அந்தச் செல்லின் வம்சம் மற்றவற்றை விட ஒரு படி முன்னே போய்விடுகிறது. ஒரே நாளில் யாருக்கும் புற்று வருவதில்லை. பத்து, இருபது, நாற்பது ஆண்டுகளில் சேர்கிற பிழைகளின் கூட்டுத்தொகை அது.

இந்தச் சரிசெய்யும் திறனே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஸீரோடெர்மா பிக்மெண்டோசம் என்று பெயர். வெயில் பட்ட இடமெல்லாம் சின்ன வயதிலேயே புள்ளி புள்ளியாகக் கறுத்து, பள்ளிப் பருவத்திலேயே தோல் புற்று வந்துவிடும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் பழக்கம் உள்ள நம் பக்கத்தில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோலில் நிறமியே இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. அந்தப் பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு பத்து மணி வெயிலில் பள்ளி மைதானத்தில் வரிசையில் நிற்கவைப்பது கொடுமை.

இன்றைய எக்ஸ்ரே அறைக்கு வருவோம். பெரியாஸ்பத்திரியிலும், தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும், வடகரைத் தெருக்களில் முளைத்திருக்கும் ஸ்கேன் சென்டர்களிலும் படம் எடுப்பவரின் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் தொங்க வேண்டும். அவர் வாங்கிய கதிரை அந்த பேட்ஜ் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளந்து எழுதி வைப்பார்கள். 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில் ரோன்ட்ஜன் என்ற அளவு உலகம் முழுவதற்கும் பொதுவானது, கதிர்ப் பாதுகாப்புக்கு ஒரு குழுவும் அமைந்தது. இந்தியாவில் 1983 நவம்பரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வந்தது. இன்று கதிர் வேலை பார்ப்பவர் ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. தோலுக்கும் கைக்கும் தனி வரம்பு இருக்கிறது. வேலைக்காரரின் தோலைப் படித்துக் கதிரை அளந்த காலம் போய், தோலில் ஒன்றும் தெரிவதற்கு எவ்வளவோ முன்பே நிறுத்தும் காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் செய்த நல்ல காரியங்களில் இதையும் ஒன்றாக நான் வைப்பேன்.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளி வாங்குவது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் சும்மா இருக்கும் மனிதர் ஒரு வருடத்தில் வாங்குவது உலகச் சராசரியில் 2.4. நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் என்றால் பல மில்லிசீவர்ட் ஆகும். எனவே ஒரு எக்ஸ்ரேக்குப் பயந்து காசநோயை ஒளித்து வைக்கக் கூடாது. அதே மூச்சில், தலைவலி என்று போனவர் தானாகவே 'ஒரு ஸ்கேன் எடுத்துருங்க சார்' என்று கேட்பதும் கூடாது. அடம்பிடிக்கும் குழந்தையைத் தாய் பிடித்துக்கொண்டுதான் படம் எடுக்க முடியும் என்றால், ஈய ஏப்ரனைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் வேறு ஒருவர் பிடிக்கட்டும். எலும்பு அறுவையில் திரையைப் பார்த்துக்கொண்டே கம்பி செருகும் மருத்துவரின் விரல்களும், அவருக்கு எலும்பைப் பிடித்துக்கொடுக்கும் உதவியாளரின் விரல்களும் இன்றும் கதிருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மார்பில் தொங்கும் பேட்ஜ் விரல் வாங்கியதைச் சொல்லாது.

கதிர்சிகிச்சையிலும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம். நம் ஜனங்கள் அதை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அப்படிச் சொன்னதில் பயமும் கலந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஆழ எக்ஸ்ரே கருவிகளில் உள்ளே இருக்கும் கட்டியை விடத் தோல்தான் அதிகம் வாங்கியது, வெந்துபோனது. 1950களின் பிற்பகுதியில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு கோபால்ட் கருவி வந்தது. அதன் காமா கதிர் தன் முழு அளவைத் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேதான் கொடுக்கும். இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டரில் அது ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. மேல்தோல் பெருமளவு தப்பிக்கிறது. பல ஆண்டு கழித்து அந்த இடத்தில் வேறு புற்று வரும் வாய்ப்பு சிறிதளவு இருப்பது உண்மை. கண் முன்னால் இருக்கும் புற்றைக் கரைக்கும் பலனோடு ஒப்பிட்டால் அது சின்னது. அந்தப் பயத்தில் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம் வீட்டு அலமாரியிலிருந்தே ஒரு கதை. கார்போகரிசி என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, குளியல் பொடியில் அரைத்துச் சேர்ப்போம். அதே அரிசியை வெண்புள்ளியில் தடவி வெயில் காட்டுவது இந்திய மருத்துவத்தில் மிகப் பழைய முறை. அதிலிருக்கும் சொராலென் என்ற பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் மரபிழையில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. 1970களில் அந்தப் பொருளையும் விளக்கையும் சேர்த்து சோரியாசிஸுக்குக் கொடுத்தார்கள். வெள்ளைத் தோல் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, நூற்றுக்கணக்கான முறை அந்தச் சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தோல் புற்று கூடியிருந்தது. இந்தியத் தோலில் அப்படி அதிகம் பார்த்ததில்லை. இருந்தாலும் தோல் மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் சொராலென் இல்லாமலே, 311 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய பட்டைக் கதிரைக் கொடுக்கிறார்கள். எத்தனை நொடி, எத்தனை முறை என்று அட்டையில் எழுதி வைக்கிறார்கள். வீட்டில் தானாக கார்போகரிசி தடவி மொட்டைமாடியில் உட்காருபவருக்கு அந்த அட்டை இல்லை.

இனி இன்றைய செல்லூர். தறிச் சத்தம் அடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. ஒன்றிரண்டு தெருக்களில் இன்னும் கேட்கலாம். குலமங்கலம் ரோட்டிலும் மீனாம்பாள்புரத்திலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சென்ட்ரிங் கம்பி கட்டுகிறார்கள், வண்டியில் பார்சல் கொண்டுபோகிறார்கள், தள்ளுவண்டியில் பழம் விற்கிறார்கள். பெண்கள் மாநகராட்சிக் குப்பை வண்டியோடு நடக்கிறார்கள். நிழலில் இருந்த ஊர் ஒரு தலைமுறைக்குள் வெயிலுக்கு வந்துவிட்டது.

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கள்ளர் வேடமிட்டவர்கள் தண்ணீர் பீய்ச்சிக் கூட்டத்தைக் குளிர்விக்கும் அந்தப் பருவம் முழுக்க, உச்சிவேளைப் புற ஊதா அளவு உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் மிக உயர்ந்த படியில் இருக்கும். சூடும் புற ஊதாவும் ஒன்றல்ல என்பதை நாம் இன்னும் உணரவில்லை. ஆடிக் காற்றில் உடம்பு குளிர்ந்திருக்கும், மேகமும் இருக்கும். கதிர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் மயக்கத்துக்கு மோரும் ஓ.ஆர்.எஸ்ஸும் கொடுக்கிறோம். நல்லது. தோலைப் பற்றி அந்த ஏற்பாட்டில் யாரும் பேசுவதில்லை.

சூரியக் கதிரை 1992இலேயே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்று) அல்லாத தோல் புற்றால் நிகழும் மரணங்களில் மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்ததால் வருவது. 2019ஆம் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட 19,000 பேர். எக்ஸ்ரே அறையில் ஒரு நாளைக்குச் சில நொடி கதிர் வருகிறது என்பதற்காக பேட்ஜ் கொடுத்து, வரம்பு போட்டு, சட்டமும் வைத்திருக்கிறோம். எட்டு மணி நேரம் கதிரின் கீழே நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இன்னும் அவர்களுடைய தோலே அளவுகோல். அதுவும் நம் பழுப்புத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. வெள்ளைத் தோல் சிவந்து எச்சரிக்கும் இடத்தில், நம் தோல் கறுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

இந்தியாவில் தோல் புற்று குறைவு. மொத்தப் புற்றுநோய்களில் மிகச் சிறிய பங்கு. வெயிலில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும் என்று பயமுறுத்துவது பொய்யாகிவிடும். நம்மிடையே தோல் புற்று பல சமயம் பழைய தீக்காயத் தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண்ணிலும் வருகிறது. மெலனோமா வெயிலே படாத உள்ளங்காலில் வருகிறது. வெயிலால் வருவது முகத்திலும் கீழுதட்டிலும் காது மடலிலும் வரும். சிறுநீரகம் மாற்றி வைத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுகிறது. தறி இருந்த இடத்தில் கிரில் பட்டறை வந்த தெருக்களில் இன்னொரு கதிரும் இருக்கிறது. சூரியனிடமிருந்து வரும் புற ஊதா 'சி' கதிரை ஓசோன் படலம் மேலேயே நிறுத்திவிடும். வெல்டிங் பொறி அதைக் கைக்கெட்டும் தூரத்தில் உண்டாக்குகிறது. அதற்கும் கண்ணில் வரும் மெலனோமாவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகிவிட்டது. முகமூடி பிடித்து வெல்டிங் வைப்பவர் ஓரளவு தப்பிக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் கையாள் பையனுக்கு வெறுங்கண்ணும் வெறுங்கையும்தான்.

மணவாளக்குறிச்சிக் கருமணலின் கதிரைப் பற்றியும் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்பார்கள். அதே கடற்கரைத் தொடரில், கேரளத்துக் கருநாகப்பள்ளியில், தோரியம் கலந்த மணலின் மேல் வாழும் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிரால் புற்று கூடியதாகத் தெரியவில்லை. மெதுவாகச் சிறுகச் சிறுக வரும் கதிரும், ஒரே அடியாகத் தோலில் இறங்கும் கதிரும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியவை எளியவை. ஒப்பந்தக்காரர்களும் மாநகராட்சியும் வெளி வேலையை விடியலிலும் மாலையிலும் வைத்து, 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழல் வேலை கொடுக்க வேண்டும். பழைய செல்லூர் பாவு நீட்டிய அதே நேரக்கணக்கு இது, முடியாத காரியமில்லை. முழுக்கைச் சட்டையும் காதும் பிடரியும் மறையும் தொப்பியும் வேலைக் கருவிகளோடு சேர்த்து முதலாளி கொடுக்க வேண்டியவை. வெல்டிங் பட்டறைக்காரர்கள் கையாளுக்கும் ஒரு முகமூடி வாங்க வேண்டும். நிறமி இல்லாத பிள்ளைக்கு வகுப்பறை நிழலை ஆசிரியர் தர வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் பெரியவர்களின் காலைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் மொட்டு, தடித்து ஓரம் மடிந்த பழைய தீக்காயத் தழும்பு, உள்ளங்காலில் பரவும் கறுப்புத் திட்டு, இதில் எது தெரிந்தாலும் களிம்பு மாற்றி மாற்றிப் போட்டு நாள் கடத்தாதீர்கள். பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனால் சிறு துண்டு எடுத்துச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் தோல் புற்றுகளில் பெரும்பாலானவை முழுமையாகக் குணமாகும்.